ஆமாம், தொட்டிக்காகத்தான்

ஜூன் 19, வெள்ளி

தொட்டி ஈரோடு வந்து சேர்ந்தது. நானும்தான். ஆனால் எங்கள் தெரு தொட்டியைத்தான் பார்த்தது. கல்யாணமாகிப் போன பெண் கரூரிலிருந்து சரக்கு ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னால் ஒரு கண்ணாடித் தொட்டியையும் மூடி போட்ட வாளிகளையும் ஏற்றிக்கொண்டு வந்திறங்கினால் பார்க்காமல் என்ன செய்வார்கள்? எதிர்வீட்டுச் சரசக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு, வண்டி காலியாகும்வரை நகரவில்லை. பீரோ வருகிறதா, பித்தளை அண்டா வருகிறதா என்று பார்த்தாள் போல. சீர் கொடுத்தது எல்லாம் அங்கேயே இருக்கட்டும். எனக்கு வேண்டியதை மட்டும் கொண்டுவந்தேன்.

மாப்பிள்ளை ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டாள். பெங்களூர் போயிருக்கிறார் என்றேன். அது உண்மை. அவர் ஊரில் இல்லாததால்தான் நான் கிளம்பினேன் என்பதும் உண்மை. அதை அம்மா கேட்கவில்லை.

ஹாலில் டிவிக்குப் பக்கத்துச் சுவரோரம் தொட்டியை வைத்தேன். அது அப்பா செய்தி பார்க்கும் இடம். அப்பா நாற்காலியைத் தூக்கி ஜன்னலோரம் போட்டுக்கொண்டார்.

ஜூன் 20, சனி

எல்லா மீனும் உயிரோடு இருக்கிறது.

ஜூன் 23, செவ்வாய்

என் கணவர் பெங்களூரிலிருந்து திரும்பியதும் அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறார். "தொட்டியைக் கொஞ்சம் ஓரமா எடுத்து வெய்யின்னு சொன்னேங்க மாமா. அதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா" என்று குரல் தழுதழுக்கச் சொன்னாராம். அழகான கதை. சின்னதாக, கைக்கு அடக்கமாக இருக்கிறது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டே ஆரம்பித்தாள். "ஒரு மீன் தொட்டிக்காகவா கண்ணு புருசனை விட்டுப்போட்டு வந்தே?"

ஆமாம், தொட்டிக்காகத்தான் என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். கிறுக்கி என்று பெயர் வாங்குவது ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லை. மற்றதைச் சொல்வதுதான் கஷ்டம்.

ஜூன் 28, ஞாயிறு

வாரச் சுத்தம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை பிடிப்பதே இதற்காகத்தான்.

முதலில் கண்ணாடி. உள்பக்கம் படிந்த பச்சைப் பாசியைச் சுரண்ட கடையில் ஏதேதோ விற்கிறார்கள். எனக்கு எங்கள் இருவர் பெயரிலும் இருந்த வங்கிக் கணக்கின் பழைய ஏடிஎம் கார்டு போதும். அந்தக் கார்டு எனக்கு உபயோகப்பட்டது இதற்கு மட்டும்தான். அப்புறம் குழாயை விட்டு அடிமணலில் தேங்கிய கழிவை வாளிக்குள் உறிஞ்சுவது. தொட்டியில் கால்பங்குத் தண்ணீருக்கு மேல் எடுக்கக் கூடாது. செடிகளில் பழுத்த இலைகளைக் கத்தரியால் நறுக்குவது. கடைசியாக ஃபில்டர் ஸ்பாஞ்ச். அதைத் தொட்டியிலிருந்து எடுத்த அந்த அழுக்குத் தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து திரும்ப மாட்டுவேன்.

அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். புளி போட்டுத் தேய்த்த செம்பில் முகம் தெரியாவிட்டால் மறுபடி தேய்க்கிறவள் அவள்.

"அழுக்குத் தண்ணியிலயே அழுக்கைக் கழுவறயே, உனக்கென்ன புத்தி பெரண்டு போச்சா?"

சொல்லிப் பார்த்தேன். அந்தப் பழுப்பு அழுக்கில்தான் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, மீனின் கழிவு விஷமாகாமல் பார்த்துக்கொள்வது அவைதான், குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் இருக்கும், அதில் கழுவினால் அத்தனையும் செத்துவிடும் என்றேன். அழுக்கு செத்தா நல்லதுதானே என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

ஜூன் 30, செவ்வாய்

காலையில் காபி டம்ளர் உருண்டு பாய் நனைந்தது. "தப்பு என் மேலதான், மன்னிச்சுக்குங்கப்பா" என்று துணியை எடுக்க ஓடினேன். அப்பா என்னையே பார்த்தார். டம்ளரைத் தட்டிவிட்டது அவர் கை. "எதுக்கம்மணி எடுத்ததுக்கெல்லாம் மன்னிப்புக் கேக்கறே?" என்றார்.

பழக்கம் என்றேன்.

ஜூலை 2, வியாழன்

இடம் மாற்றிய கோபத்தில் தொட்டிக்குள் இருக்கும் கிரிப்டோ என்ற நீர்ச்செடிகள் இலையெல்லாம் கரைத்துக்கொண்டு மொட்டையாக நிற்கின்றன. அந்தச் செடியின் குணம் அப்படி. வேர் உள்ளே நன்றாகத்தான் இருக்கும். பிடுங்காமல் விட்டால் தானாகத் துளிர்க்கும். அம்மா போகும்போதும் வரும்போதும் அந்த மொட்டைக் குச்சிகளைப் பார்த்து முகம் சுளிக்கிறாள்.

ஜூலை 4, சனி

பஸ் ஸ்டாண்ட் பக்கம் அலங்கார மீன் கடை ஒன்றைக் கண்டுபிடித்தேன். தீனியும், தண்ணீரில் குளோரினை எடுக்கும் மருந்தும், மீன் கழிவால் அமோனியா விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் சொட்டு மருந்தும் வாங்கினேன். கடைக்காரர் முத்துராஜா நல்ல வாயாடி. புது வாடிக்கையாளர் என்பதால் சின்ன வலை ஒன்றை இனாமாகப் பையில் போட்டார். வேண்டாம் என்று எடுத்து மேஜைமேல் வைத்தேன். வலை இல்லாமல் மீனை எப்படிப் பிடிப்பீர்கள் என்றார். டம்ளரில் மொண்டுகொள்வேன் என்றேன். சும்மா வெச்சுக்குங்கக்கா என்று சிரித்துக்கொண்டே மறுபடியும் பையில் போட்டார். நான் மறுபடியும் எடுத்து வைத்தேன். மிச்சச் சில்லறையை வாங்காமலே படியிறங்கிவிட்டேன். காலையில் சாப்பிடாமல் வந்திருந்தேன், வெயில் வேறு.

ஜூலை 6, திங்கள்

நாள் குறித்துவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை என் கணவரும் அவருடைய பெரியப்பா பழனியப்பனும் வந்து பேசி என்னை அழைத்துப் போவதாக ஏற்பாடு. நிபந்தனை ஒன்றுதான். தொட்டி வரக் கூடாது. யாருக்காவது கொடுத்துவிட்டு நான் மட்டும் வர வேண்டும்.

அம்மாவுக்கு இன்னொரு அவசரம். அடுத்த வார வெள்ளிக்கிழமை ஆடி பிறக்கிறது. "ஆடி பொறந்துட்டா பொண்ணை அனுப்ப முடியாது கண்ணு. அப்புறம் ஆவணிதான். அதுவரைக்கும் ஊரு வாயை யாரு மூடறது?" ஊர் வாயை மூடுகிற வேலைக்கு என்னை எடுத்திருக்கிறார்கள், சம்பளம் இல்லாமல்.

நான் போகமாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். காரணம் சொல்லு அம்மணி என்றார். தொட்டி என்றேன். பெருமூச்சு விட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் சொல்கிற காரணத்தைக் கேட்டால் எனக்கே பெருமூச்சுதான் வருகிறது.

ஆனாலும் போகமாட்டேன். இழுத்துக்கொண்டு போனால்தான் உண்டு.

ஜூலை 10, வெள்ளி

பெருந்துறையில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கணக்குப் பிரிவு இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். நன்றாகவே பதில் சொன்னேன். கல்யாணத்துக்கு முன் பார்த்த வேலைதான், கை மறக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடம். சந்தோஷமாக வந்தேன்.

வாசலில் மாக்கோலம். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று அம்மா வீட்டையே கழுவியிருந்தாள். ஜன்னல் கம்பி, ஃபேன் இறக்கை, சாமி விளக்கு எல்லாம் பளபள. தொட்டியும்தான்.

அப்படி ஒரு தெளிவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. பாதிக்கு மேல் இறைத்து ஊற்றிவிட்டுக் குழாய்த் தண்ணீரை ரொப்பியிருக்கிறாள். மொட்டைக் கிரிப்டோக்களைப் பிடுங்கி எறிந்திருக்கிறாள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துத் துணி பிரஷ்ஷால் தேய்த்து, அதன் உண்மையான நிறம் நீலம் என்று கண்டுபிடித்திருக்கிறாள். எனக்கே மறந்துபோன நிறம். சீலை முந்தியால் கையைத் துடைத்துக்கொண்டு, எப்படி என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

திட்டக் கூடாது என்று நினைத்தேன். திட்டிவிட்டேன். நன்றாகவே திட்டினேன். உடனே குளோரின் மருந்தை ஊற்றினேன். மீன்கள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. நல்லவேளை, மஞ்சள்தூள் போடவில்லை. கிருமி போகட்டும் என்று ஒரு சிட்டிகை போட நினைத்து டப்பாவைத் திறந்தாளாம். ஈரோட்டுக்காரி அல்லவா.

ஜூலை 11, சனி

தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி கலங்கிவிட்டது. சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் சோதனைக் குழாய் பச்சை. விஷம் ஏறுகிறது. நியான் மீன்களில் சில செத்து மிதந்தன. தீனி நிறுத்தினேன். தண்ணீர் மாற்றினேன், மறுபடி மாற்றினேன்.

அம்மா செத்த மீன்களைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். நாளைக்குப் பாயசத்துக்கு முந்திரி உடைக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஜூலை 12, ஞாயிறு

எழுத வேண்டும். இன்றைக்கே எழுத வேண்டும்.

அவர்கள் வந்தபோது நான் தொட்டியடியில் உட்கார்ந்து குழாய் வைத்து வாளியில் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தேன். சேலை மாற்று என்று அம்மா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு அதை வேடிக்கை பார்க்க என்னால் முடியாது. நனைந்த சுடிதாரோடு அப்படியே இருந்தேன். பெரியப்பா என்னைப் பார்த்ததும் செருமினார். என் கணவர் ஆப்பிளும் மைசூர்பாகும் கொண்டுவந்து அம்மா கையில் பணிவாகக் கொடுத்தார். அத்தை இளைச்சுட்டீங்களே என்றார். அம்மா உருகிவிட்டாள். அம்மாவின் தட்டு மேஜைமேல் தயாராக இருந்தது. வெற்றிலை பாக்கு, மல்லிகை, குங்குமம், என்னை அனுப்பிவைக்க ஒரு புதுச் சேலை.

பேச்சு நல்லபடியாகத்தான் போனது. பெரியப்பா பேசுவதில் கெட்டிக்காரர். வீட்டுக்கு வீடு இருப்பதுதான், சின்னஞ்சிறுசுகள், தொட்டியை ஒரு நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று விரித்துக்கொண்டே போனார். அப்பா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாளி நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரே ஒரு வார்த்தை அம்மணி" என்றார் பெரியப்பா. "மன்னிச்சுக்குங்கன்னு தனபாலுகிட்டச் சொல்லிப்போடு. முடிஞ்சுது."

"சொல்லிரு கண்ணு" என்றாள் அம்மா.

அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. அதை எழுதக் கூசுகிறது, ஆனால் இருந்தது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அது தானாக வெளியே வந்திருக்கும்.

அப்போது என் கணவர் எழுந்து தொட்டியருகே வந்தார். குனிந்து பார்த்தார். எல்லோரும் கேட்கும்படி அன்பாகச் சொன்னார். "பாவம், மேல வந்து தவிக்குது பாரு. வலை எங்க ரேணு? எடு, நான் புடிச்சுத் தர்றேன்."

நான் குழாயைக் கீழே போட்டுவிட்டேன். எழுந்து தொட்டிக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன். அவரைப் பார்த்துப் பேசவில்லை. பெரியப்பாவைப் பார்த்துப் பேசினேன்.

"இந்த வீட்டுல வலை இல்லீங்க. இருந்தா என்ன நடக்கும்னு சொல்றேன், கேட்டுக்குங்க. நான் எதுத்து ஒரு வார்த்தை பேசுனா, இவரு வலையில ஒரு மீனைப் புடிச்சுத் தரையில போடுவாரு. நான் மன்னிப்புக் கேக்கற வரைக்கும் அது கெடந்து துள்ளும். சீக்கிரம் கேட்டா பொழைக்கும். லேட்டாக் கேட்டா செத்துரும். அதனால சீக்கிரமாக் கேக்கப் பழகிட்டேன். எங்கப்பன் வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகலீங்க."

தரையில் போட்ட குழாயிலிருந்து தண்ணீர் ஹால் முழுக்க ஓடியது. யாரும் எடுக்கவில்லை.

தனபால் சிரித்தான். விளையாட்டுக்குச் செய்ததுங்க அத்தை, இவளுக்கு எல்லாமே பெரிசு என்றான். இல்லை என்று சொல்லவில்லை. அதை நான் மட்டும் அல்ல, அப்பாவும் கவனித்தார்.

பெரியப்பாவுக்கு அப்போதும் நம்பிக்கை போகவில்லை. "மீனுதானே அம்மணி. உன்னைய ஒரு அடி அடிச்சிருக்கானா?"

"என்னைய அடிக்க வேண்டிய வேலையே அவனுக்கு வரலீங்க" என்றேன். "நான் வரமாட்டேன். தொட்டி இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேன்."

அம்மா எழுந்தாள். வெற்றிலைத் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. வீடு முழுக்க ஏலக்காய் மணக்க, வாழை இலை நறுக்கி வைத்திருக்க, அப்பா எழுந்து நின்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சாப்பாடு இன்னைக்கு இல்லீங்க. வெயில் ஏறறதுக்குள்ள கெளம்புங்க."

எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்தவனை, பகையாளியே ஆனாலும், சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள். அப்பா அனுப்பினார். அவர்கள் போன பிறகு நான் ஹாலைத் துடைத்தேன், தொட்டியை நிரப்பினேன், அப்புறம் அழுதேன். துக்கம் இல்லை. அத்தனை வருஷமாக விழுங்கிய ஆத்திரம்.

ஜூலை 13, திங்கள்

நேற்றைய பாயசத்தையே மூன்று பேரும் சாப்பிடுகிறோம். சரசக்கா வீட்டுக்கும் ஒரு தூக்குப் போயிற்று.

அம்மா மத்தியானம் தொட்டிமுன் வந்து உட்கார்ந்தாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லியிருந்தால் மீன்தானே என்று நீயும் சொல்லியிருப்பாய் என்றேன். அவள் மறுக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. இல்லவே இல்லை என்று சத்தியம் செய்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஜூலை 15, புதன்

வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

அதைவிடப் பெரிய செய்தி அம்மாவுடையது. அந்த நல்ல உயிர்கள் குடியேறிய பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் ஒன்றை முத்துராஜா கடையில் கேட்டு வாங்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு வருவதற்குள் அவளே பஸ் ஏறிப் போயிருக்கிறாள். என் மகள் தொட்டியை நான் கழுவிக் கெடுத்துவிட்டேன், உங்கள் தொட்டியிலிருந்து கொஞ்சம் அழுக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். வாழ்நாளில் முதல்முறையாக அழுக்கைக் காசு கொடுத்து வாங்கப் போயிருக்கிறாள். முத்துராஜா காசு வாங்கவில்லையாம். பழுப்புத் தண்ணீர் சொட்டும் ஸ்பாஞ்சைக் கோயில் திருநீறு கொண்டுவருவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி வந்தாள்.

அதைத் தொட்டிக்குள் பிழிந்தேன். தண்ணீர் கன்னங்கரேல் என்று ஆனது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

ஜூலை 17, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. நான் இங்கேதான் இருக்கிறேன்.

ஜூலை 19, ஞாயிறு

அமோனியா குறைந்துவிட்டது. பச்சை போய், சோதனைக் குழாய் மறுபடி மஞ்சளுக்குத் திரும்புகிறது. மிச்சமிருக்கும் நியான்கள் நடுத்தண்ணீரில் சேர்ந்து நீந்துகின்றன. கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஹார்ன் சத்தம்.

கரூர் பதிவு எண் போட்ட சரக்கு ஆட்டோ. பின்னால் ஒரு பெரிய புதுத் தொட்டி, ஸ்டாண்டு, விளக்கு, எல்லாம் சணல் கயிற்றில் கட்டப்பட்டு நின்றன. மேலே ரோஜாப்பூ ஒட்டின காகிதம். தனபால் அப்பாவின் போனுக்குச் செய்தியும் அனுப்பியிருந்தான். ரேணுவுக்குப் பிடித்ததாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன், இரண்டு தொட்டியையும் வைத்துக்கொள்ளட்டும், இதே வண்டியில் ஏறி வரச் சொல்லுங்கள். ஆடிக்கெல்லாம் அவன் கவலைப்படவில்லை. சரசக்கா கேட்டுக்கு வந்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு என்ன ஆசை பாரு என்றாள், எங்கள் அனைவருக்கும் கேட்கும்படி.

டிரைவர் வயசானவர். திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு தன் சீட்டுக்குக் கீழிருந்து ஒரு பாலிதீன் பையைத் தூக்கிக் காட்டினார்.

"இதுவும் இருக்குதுங்க."

காற்றடைத்த பையில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன்கள். பை கையில் சுட்டது. கரூரிலிருந்து வெயிலில் வந்திருக்கிறது. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடந்து செவுளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. திருப்பி அனுப்பினால் பாதி வழியில் கொடுமுடிகூடத் தாண்டாது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அதற்காகத்தான் அனுப்பியிருக்கிறான். தொட்டியை மறுக்கலாம், உயிரை மறுக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டிருக்கிறான். பழைய ஆட்டம்தான், இந்த முறை ரோஜாப்பூக் காகிதத்தோடு.

அவன் கணக்கு பாதி சரி. பையை வாங்கிக்கொண்டேன்.

அப்பா துணி ஊறவைக்கும் பெரிய டப்பைக் கழுவாமல் எடுத்து வந்தார். கழுவ வேண்டாம் என்று அம்மா தடுத்துவிட்டாளாம். ஆனால் சோப்பு ஒட்டியிருக்கும் என்று நான்தான் கழுவ வைத்தேன், வெறும் தண்ணீரில். இன்னும் நோயிலிருந்து எழுந்திராத தொட்டியில் இவற்றை விட முடியாது. டப்பில் தண்ணீர் பிடித்து, குளோரின் மருந்து விட்டு, காற்றுக் குழாயைப் போட்டு, பையை அப்படியே மிதக்கவிட்டேன். அவசரப்படவில்லை. சூடு சமமாகும்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருந்தேன். சாய்ந்து கிடந்தது மெல்ல நிமிர்ந்தது.

அதற்குள் டிரைவர் சணலை இறுக்கிக் கட்டிவிட்டு வாசலில் வந்து நின்றார். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். தொட்டியைத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்தினால் கேட்பார்களே என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

"சார்கிட்ட என்னன்னுங்க சொல்லட்டும்?"

"மீனு ரெண்டும் நல்லபடியா வந்து சேந்துருச்சுன்னு சொல்லுங்க" என்றேன். "இங்க வந்த உசுரு எதுவும் இனித் திரும்பி வராதுன்னும் சொல்லுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார். நான் உட்கார்ந்து பையின் முடிச்சை அவிழ்த்தேன்.